எஃகு ஏகாம்பரத்துக்குப் பணி நீட்டிப்பு

இப்போதைய சித்திரக்கதைகளில் கடைசிப் பக்கம் திறக்க வேண்டுமென்றால், சந்தாதாரர் அத்தனை பேரும் அதில் பெருவிரல் வைத்தாக வேண்டும். மூன்று கோடிப் பேர் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் வைக்கவில்லை. அதனால் கதாநாயகன் எஃகு ஏகாம்பரம் ஒரு கையில் வில்லனையும் மறுகையில் பாலத்தையும் பிடித்தபடி பதினாலு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக்குள்ளிருந்தே கெஞ்சினார். "சார், தோள்பட்டை கழண்டுரும் போலிருக்கு. இந்த வில்லனுக்கே பேரன் பொறந்தாச்சு. விரலை வையுங்க, ரிட்டயர் ஆயிடறேன்."

"இன்னும் ஆறு மாசம் பணி நீட்டிப்பு!" என்றேன். ஏழு கண்டங்களும் என்னைச் சபித்தன. எனக்கோ பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

என் மனைவி குமுதவல்லிதான் போட்டு உடைத்தாள். "ஆபீஸ்ல எக்ஸ்டென்ஷன் கேட்டு மூணு மனு போட்டீங்க, ஒருத்தனும் குடுக்கல. அதை வேண்டாங்கிறவன் தலையில கொண்டுபோய்க் கட்டறீங்களே!"

சுருக்கென்றது. பெருவிரலை வைத்தேன். ஏகாம்பரம் வில்லனைப் போலீஸிடம் இறக்கிவிட்டு, மேலங்கியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். 'முற்றும்' விழுந்தது. உலகமே கைதட்டியது.

மூன்றாம் நாள் காலையில் அந்த 'முற்றும்' என்ற எழுத்துக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சார், அந்தப் பாலம் காலியாத்தானே இருக்கு? வீட்ல கீரை ஆயச் சொல்றாங்க சார்!"

என் மடியிலும் ஒரு கட்டு முளைக்கீரை கிடந்தது.

"முதல்ல வேரைக் கிள்ளிப் போடுங்க ஏகாம்பரம்," என்றேன். "பழகிடும்."