கிளிஞ்சல் சங்கத்துத் துரோகி

மூன்றாவது குத்தில் ஒல்லியின் முன்பல் ஒன்று தெறித்து, வெல்டிங் பட்டறையின் இரும்புத்தூளில் போய் விழுந்தது. “துரோகி!” என்று கத்தினார் பட்டறைக்காரர். அவர்தான் கிளிஞ்சல் சங்கத்தின் தலைவர்.

இன்றைக்குப் பத்து வயதுப் பிள்ளைகூடச் சீந்தாத கையடக்க விளையாட்டுக் கருவி அது. சிப்பி மாதிரி திறந்து மூடுவதால் கிளிஞ்சல் என்று பெயர். செய்த கம்பெனியை இழுத்து மூடி ஒன்பது வருடம் ஆகிறது. ஊரில் உயிரோடு இருப்பவை பதினேழே பதினேழு.

அவற்றை வைத்திருக்கும் பதினேழு பேரும் தலைவர் முன்னால் சத்தியம் செய்தவர்கள். பெரிய கம்பெனியின் புதுக் கருவியை எவன் தொட்டாலும், அவனுடைய கிளிஞ்சலைச் சுத்தியலால் நொறுக்கி, அவனையும் துரத்திவிட வேண்டும். அப்படியிருக்க, பட்டப்பகலில் அந்தக் கம்பெனியின் பளபளப்பான பெட்டியோடு உள்ளே வந்து நின்றால் ஒல்லியைக் கொஞ்சுவார்களா?

வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை சங்கத்தார் யாரும் பட்டறைப் பக்கம் வருவதில்லை. அன்று கடைக்கு விடுமுறை விட்ட சலூன்காரர், தன் கிளிஞ்சலில் கழன்ற பட்டனைப் பற்றவைத்துக்கொள்ள எலக்ட்ரீஷியனோடு வந்திருந்தார். ஒல்லியைச் சங்கத்தில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

“மாசக்கணக்கா வேலை வெட்டி இல்லாம இருந்தவன், இதை எங்கருந்துடா வாங்கின? சொல்லித் தொலையேன்!” என்றார்.

“அண்ணே, நான் வாங்கல... இது...”

ஒல்லி வாயைத் திறந்ததுதான் தாமதம், தலைவரின் முஷ்டி மறுபடி வாயிலேயே இறங்கியது. உதடு கிழிந்து, ரத்தம் மோவாயில் வழிந்தது.

“பொய் வேற பேசுறியா? உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ற நாயே!” தலைவருக்கு வெறியே பிடித்துவிட்டது. கைக்கு அகப்பட்டதையெல்லாம் கிழித்தார். பெட்டிமேல் ஒட்டியிருந்த தாள் போயிற்று, ஒல்லியின் சட்டை போயிற்று, சட்டைக்குள் இருந்த தோலும் கொஞ்சம் போயிற்று.

சலூன்காரர் குறுக்கே பாய்ந்தார். “போதும் தலைவரே, செத்துடப்போறான்! அவன் என்ன சொல்றான்னுதான் கேளுங்களேன்.”

“துரோகிக்குப் பேச்சு என்னய்யா பேச்சு?” தலைவர் பிடித்துத் தள்ளியதில், சலூன்காரர் வாசலில் நின்ற ஒல்லியின் வண்டிமேல் போய் விழுந்தார். பின்சீட்டில் கட்டியிருந்த இரண்டு பெரிய மூட்டைகளும் அவரோடு சேர்ந்து சரிந்தன. முழங்கை சிராய்த்துப்போய் அவர் எழுந்து வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

எலக்ட்ரீஷியன் ஒல்லியின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார். தலைவர் அவன் இடுப்புப் பையிலிருந்து கிளிஞ்சலை உருவி இரும்பு மேஜைமேல் வைத்தார்.

“அதை மட்டும் வேணாம்... கால்ல வேணா விழறேன்...” பல் போனபோது அழாதவன் இப்போது குழந்தைபோல் அழுதான்.

சுத்தியல் மூன்று முறை இறங்கியது. மூடி பிளந்தது, திரை பொடியானது, பதினோரு வருடம் அவன் ஆடிய ஆட்டமெல்லாம் பச்சைத் தகடாகச் சிதறியது. “இனி பதினாறு,” என்றார் எலக்ட்ரீஷியன். “ஆனாலும் கொள்கைன்னா நம்ம தலைவர்தான்யா!”

சலூன்காரருக்கும் அதை மறுக்க முடியவில்லை. கூட்டிவந்த பாவத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவர் மூச்சிரைக்கச் சுத்தியலை வீசினார். “வெளிய போடா. இனிமே இந்தத் திசைக்கே தலைவச்சுப் படுக்காதே. அந்தப் பெட்டி இங்கயே கிடக்கட்டும், நானே கொளுத்திடறேன்.”

ஒல்லி போகவில்லை. எலக்ட்ரீஷியன் கையை விட்டதும் தரையில் சரிந்தவன், சுவரைப் பிடித்து எழுந்தான். வாய் நிறைய இருந்த ரத்தத்தைத் துப்பினான். கால்சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து, விரலால் எதையோ தட்டி, தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“உங்க பார்சலுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, தலைவரே.”