நான்காம் நாள் ஸ்கேன்
நாமக்கல்லில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நண்பகலிலும் ஸ்கேன் அறையை இருட்டாக்கி வைத்திருக்கிறார்கள். எட்டு வயது யாழிசை படுத்திருக்கிறாள். கால்மாட்டில் அவள் அம்மா கோமதி. மூன்று நாளாக வயிற்று வலி. சூட்டு வலி என்று ஒரு கிளினிக்கில் டானிக் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா இடது விலாவுக்குக் கீழே கருவியை வைத்ததும் யாழிசை துடிக்கிறாள். அங்கே ஹேண்டில்பார் முனையளவில் வட்டமாகக் கன்றிப்போன தடம். தானே குளித்துக்கொள்ளும் பிள்ளை. கோமதி அதைப் பார்த்ததேயில்லை.

“எங்க உழுந்தே சாமி?” என்கிறார் டாக்டரம்மா.

“அண்ணன் சைக்கிள்லீங்க. அம்மா அடிக்கும்னு சொல்லலீங்க.”

“ஒண்ணுக்குச் செவப்பாப் போச்சா?”

“ஆமாங்க. ஆரும் பாக்கறதுக்குள்ள தண்ணி ஊத்தி உட்டுட்டேன்.”

கோமதி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொள்கிறாள். “அம்மா அடிக்கமாட்டேன் சாமி,” என்கிறாள். திரையில் சிறுநீரகத்தைச் சுற்றிக் கறுப்பாய் ஏதோ தேங்கி நிற்கிறது. டாக்டரம்மா அதை அளக்கிறார்; மறுபடியும் அளக்கிறார். பிறகு நர்ஸிடம், “உள்ள ரத்தம் கசியுது. சேலத்துக்கு ஆம்புலன்ஸ் சொல்லுங்க, இப்பவே,” என்கிறார்.

“எறங்கட்டுங்களா?” என்று எழப்போகிறாள் யாழிசை. டாக்டரம்மாவின் கை சட்டென்று அவள் தோளை அழுத்திப் பிடிக்கிறது.

“அசையாதே சாமி. கொஞ்சங்கூட அசையக்கூடாது.”