பதினெட்டாம் கல், நானூறு மீட்டர்

நெடுஞ்சாலையோர வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கிலோமீட்டர் கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்பதே மேப்பில் விலாசம். வீட்டில் உட்கார்ந்தபடியே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவர் வேலை. ஆள் குடியிருக்கிறார்களா என்பதை மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர்கள் சொன்னதையே பதிய வேண்டும். அது கம்பெனி விதி.

அன்றைய கடைசி வீட்டுக்கு மட்டும் சற்றுத் தயங்கிவிட்டுத்தான் எண்ணை அழுத்தினார்.

"மேப் கம்பெனியிலேர்ந்து பேசறேம்மா. பதினெட்டாம் கல் தாண்டி நானூறு மீட்டர், உங்களை ஒட்டின வீடு. அதுல யாராவது இருக்காங்களா?"

"அதுவா? ஈ காக்கா இல்ல சார். நாங்க குடிவந்து மூணு வருஷமாச்சு, கதவு திறந்து பார்த்ததே இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஏதாவது சத்தம்..."

"எப்பவாவது ஏதோ உருட்டுற சத்தம் கேக்கும். எலியா இருக்கும். இவ்வளவு கேக்கறீங்களே, தெரிஞ்சவங்க வீடா?"

"ரொம்பத் தெரிஞ்சவர்னு சொல்ல முடியாது."

"அப்ப காலின்னே போட்டுக்கங்க. அடுப்புல குக்கர் இருக்கு சார், வைக்கிறேன்."

அவள் வைப்பதற்குள் போனில் விசில் அடித்தது. அதே விசில், அதே நொடியில், அவர் முதுகுப்பக்கச் சுவருக்கு அப்பாலிருந்தும் கேட்டது.

'காலி' என்று பதிந்தார். பிறகு எழுந்து, சத்தம் வராமல் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தினார்.