பம்பரின் உள்பக்கம்

வந்தவர் காரை வீதியோரம் நிறுத்தவில்லை. கராச்சைச் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய், முன்பக்கம் மதிலைப் பார்க்க நிறுத்திவிட்டு இறங்கினார். பம்பர் வாய் பிளந்து கிடந்தது.

கிறகரி குந்தியிருந்து பார்த்தான். மன்னாரில் உடைந்த பிளாஸ்டிக் பம்பரை ஒட்டிப் பெயின்ற் அடிப்பதுதான் அவன் தொழில். உடைவைக் கண்டாலே எதில் இடித்தது என்று சொல்லிவிடுவான்.

நடுவில் ஒரு வட்டம் வெளுத்திருந்தது. வெடிப்பு அதிலிருந்துதான் நாலு பக்கமும் ஓடியது. மேலே பொனற்றில் ஒரு கீறல்கூட இல்லை.

“கழுதையோ?” என்று கேட்டான். மன்னாரில் இடித்துவிட்டு வருகிற எல்லாரும் கழுதையைத்தான் சொல்வார்கள்.

“அப்பிடியே வைச்சுக்கொள்ளுங்கோ தம்பி.”

“கழுதைக்குச் சைக்கிள் ஹாண்டில் முளைச்சிருக்குப் போல.”

வந்தவர் சிரிக்கவில்லை. பல நாள் மழிக்காத தாடி, தூங்காத கண்கள். பெயரைக் கேட்டதற்கு, பெயர் எதற்கு என்றார். வவுனியா வரைக்கும் கராச் கராச்சாக ஏறி இறங்கிவிட்டதாகவும், பொலிஸ் பார்த்தாலும் தெரியாதபடி ஒட்டித் தருவேன் என்று ஒருவரும் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

தான் சொல்வதாகக் கிறகரி சொன்னான்.

கராச்சுக்கு எதிரே மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒன்று ஒட்டியிருந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை; படத்துக்குக் கீழே ‘செல்வி யோகராசா நிவேதிகா’. கூடப் படித்த பிள்ளைகள் ஒட்டியது. முருங்கன் வீதியில் சைக்கிளில் போனவளை அடித்துவிட்டு நிற்காமல் போன காரைப் பொலிஸ் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

வந்தவர் கதிரையைத் திருப்பிப் போட்டு, போஸ்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கிறகரி அதைக் கவனித்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. குற்றம் உள்ளவன் பேரம் பேசமாட்டான். வெளியே போய் வாய் திறக்கவும் மாட்டான்.

பம்பரைக் கழற்றி மேசையில் கவிழ்த்தான். வெடிப்பின் குறுக்கே கம்பித் துண்டுகளைச் சூடாக்கி உள்பக்கமாகப் புதைத்தான். பழைய பம்பரில் வெட்டிய கீற்றை உருக்கி, கம்பிகளை மூடினான். கருகிய பிளாஸ்டிக் நாற்றம் தகரக் கூரைக்குக் கீழே அசையாமல் நின்றது.

வீதியில் பொலிஸ் மோட்டார்சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தது. கிறகரி சாக்கை இழுத்துப் பம்பரை மூடினான். மோட்டார்சைக்கிள் போகும் வரைக்கும் வந்தவர் வீதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிறகரியின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். வெயிலில் தடம் தெரியாதா, பாலத்தடியில் பொலிஸ் மறித்தால் பிடிபடாதா என்றார். தேய்த்து, பட்டி வைத்து, பெயின்ற் அடித்தால் காரைச் செய்தவனுக்கே தெரியாது என்று கிறகரி சொன்னான். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“வாயால ஆரும் சொல்லலாம் தம்பி. உங்கட கையால செய்து தப்பின கார் ஒண்டு இருக்கோ?”

கிறகரிக்குச் சுருக்கென்றது. கையில் இருந்ததை வைத்துவிட்டு வீதியை எட்டிப் பார்த்தான். பிறகு தாடையால் மின்கம்பத்தைக் காட்டினான்.

“உந்தப் பிள்ளையை அடிச்ச காரின்ர பம்பர் இந்த மேசையிலதான் கிடந்தது.”

மிச்சத்தைக் கிறகரி கேளாமலே சொன்னான். வெள்ளைக் கார். ஐஸ் தொழிற்சாலை முதலாளியின் மகன் துஷாந்தன் கொண்டுவந்தது. வெடிப்புக்குள் தலைமயிர் சிக்கியிருந்தது. அதைக் கிறகரிதான் இழுத்து எடுத்துக் கழுவினான். பாலத்தடியில் பொலிஸ் அந்தக் காரை மறித்து, முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னது. இன்றைக்கும் அது முருங்கன் வீதியால்தான் ஓடுகிறது.

“அப்ப ஒருத்தராலயும் கண்டுபிடிக்கேலாதோ?” வந்தவரின் குரல் இறங்கியிருந்தது.

“வெளியால ஏலாது. உள்பக்கத்தை ஆர் மினுக்கிறது? கழட்டித் திருப்பினா என்ர கம்பி அப்பிடியே கிடக்கும்.” கிறகரி சிரித்தான். “ஒட்டினவன் சொன்னாத்தானே ஐயா கழட்டுவினம்.”

வந்தவர் எழும்பிப் போய் டிக்கியைத் திறந்தார். பழைய சாரத் துண்டில் சுற்றியிருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார்.

கிறகரி பின்னால் நகர்ந்தான். சுவர் முதுகில் இடித்தது.

அவர் கையை ஓங்கவில்லை. கவிழ்ந்து கிடந்த பம்பரை நிமிர்த்தினார். சுத்தியலின் முகத்தை அந்த வெளுத்த வட்டத்தின் மேல் மெல்ல வைத்தார். போத்தலுக்கு மூடி போல அச்சொட்டாகப் பொருந்தியது.

சுத்தியலை அங்கேயே விட்டுவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகத் திரும்பி மின்கம்பத்தை நேராகப் பார்த்தார்.

“என்ர பேரைக் கேட்டனீங்கள் தம்பி,” என்றார். “யோகராசா.”