முகத்தைப் பாத்துப் பேசுங்க!

"என்ன திமிர்ப்பா அந்த ஆளுக்கு! பேருக்குப் பின்னாடி இத்தனை எழுத்து போட்டா போதுமா? நோயாளி முகத்தைப் பாத்துப் பேசணும்னு யாருமே சொல்லித் தரலையா?"

விழித்திரைப் பிரிவின் காத்திருப்பு அறையில் மகளின் குரல் கொஞ்சம் பலமாகவே கேட்டது. வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"மெதுவாம்மா" என்றார் அப்பா.

"என்னத்த மெதுவா? போன தடவையே கவனிச்சேன். உங்ககிட்ட பேசறார், பார்வை மட்டும் சுவத்துல இருக்கு. ஸ்கேனைக்கூட அவர் பாக்கலை. ஜூனியர் டாக்டர் படிச்சுச் சொல்றா, இவர் மகாராஜா மாதிரி தலையை ஆட்டறார். ஊசியும் அவதான் போடறா. கண்ணுல போடற ஊசிப்பா, கையிலயா போடறாங்க?"

அப்பாவுக்கு விழித்திரையின் நடுவில் கோளாறு. நேரே பார்க்கும் இடத்தில் ஒரு கறுப்புத் திட்டு. இரண்டு ஊசி ஆகிவிட்டது. மூன்றாவதுக்குக் கிளம்பியதிலிருந்து, "போதும்மா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஒரே பாட்டு. பாதியில் விட்டால் இருக்கிற பார்வையும் போய்விடுமே என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம்தான் கோபமாக வெடித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா, போயிடலாம்" என்றார் மறுபடியும், அவள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி.

அவள் வழக்கம்போல அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் இங்க இருக்கேன். என்னைப் பாத்துச் சொல்லுங்க."

"பாக்கறேம்மா" என்றார் அப்பா, அசையாமல்.

நர்ஸ் கூப்பிட்டாள்.

அந்த டாக்டர் ஒரு பேராசிரியர். அவர் அறைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. அந்தப் பக்கம் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்கள். இவருக்கு அதுதான் முக்கியம், நாமெல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க சார். ஊசி வேண்டாம்னு சொன்னீங்களாமே, ஏன்?" என்று பேராசிரியர் அப்பாவின் இடது காதிடம் கேட்டார்.

"போட்டு என்ன ஆகப்போகுது டாக்டர்? பேப்பர் படிக்க முடியலை. எதிர்ல வர்றவங்களை அடையாளம் தெரியலை. பாத்தும் பாக்காத மாதிரி போறான், தலைக்கனம்னு பேசறாங்க."

"ம்" என்றார் பேராசிரியர், அதே காதிடம். "அது ரொம்ப வலிக்கும் சார்."

அவ்வளவுதான். பட்டாசு வெடித்துவிட்டது.

"டாக்டர், எங்கப்பா சுவத்துல இல்லை. இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார்."

"மேடம், சாருக்கு..." என்று ஜூனியர் டாக்டர் பதறினாள்.

"நீங்க இருங்க! இத்தனை வருஷமா கண்ணைப் பத்தி ஆராய்ச்சி பண்றவருக்கு ஒரு மனுஷனோட கண்ணைப் பாத்துப் பேசத் தெரியாதா? முகத்தைப் பாத்துப் பேசுங்க டாக்டர்!"



பேராசிரியருக்குக் கோபம் வரவில்லை. தலையை மெல்லத் திருப்பினார். முதல் தடவையாக அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"பாத்துட்டேம்மா. இப்ப உங்க முகம் காணாமப் போயிடுச்சு."

அவளுக்குப் புரியவில்லை.

"எனக்கும் நடுவுல திட்டுதான். உங்கப்பாவுக்கு வயசானதால வந்தது, என்னோடது பரம்பரையா வந்தது. எங்களுக்கு ஓரப் பார்வைதான் மிச்சம். ஒருத்தரை நல்லாப் பாக்கணும்னா அவங்களுக்குப் பக்கத்துல பாக்கணும். உங்கப்பாவை நான் அப்படித்தான் பாத்துட்டிருந்தேன்."

பார்வையை அவள் காதோரத்துக்கு நகர்த்தினார்.

"ஆங், இப்பத் தெரியறீங்க. ரொம்பக் கோவமா இருக்கீங்க. ஸ்கேனையும் ஊசியையும் நான் தொடறதில்லைம்மா. உங்கப்பா கண்ணு நல்லா இருக்கணுமில்ல, அதான் இவங்க கையில ஒப்படைச்சுட்டேன்."

அவள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அப்பாதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்குமா டாக்டர்? அப்ப நீங்களும் ஊசி போட்டுக்கறீங்களா?"

"என் வகைக்கு இன்னும் ஊசியே இல்லை சார். அதைத்தான் அந்தக் கதவுக்குப் பின்னாடி தேடிட்டிருக்கோம். கிடைக்கிறப்ப எனக்குப் பிரயோஜனப்படுமோ என்னவோ. உங்களுக்கு மருந்து இருக்கு. இருக்கிற பார்வையைக் காப்பாத்தும். அதைப் போய் வேண்டாங்கறீங்க. எனக்குப் பொறாமையா இருக்கு சார்."

அப்பா எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கண்ணில் போடும் ஊசிக்குச் சட்டைக் கையை எதற்கு மடித்தார் என்று அவருக்கே தெரியாது.

ஊசி முடிந்தது. ஒரு கண்ணில் கட்டோடு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணும் வலிக்கலைம்மா" என்றார், அவள் தோளுக்கு மேலே பார்த்தபடி.

பழக்கதோஷத்தில் அவள் கை அவர் தாடைக்குப் போனது. பாதியிலேயே நின்றது.

"அப்பா... நான் உங்க முகத்தைத் திருப்பும்போதெல்லாம்..."

"ஆமாம்மா. மறைஞ்சு போயிடுவே."

"ஏம்ப்பா ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"நேராப் பாத்தாத்தானேம்மா உனக்கு நிம்மதி. அதான் பாக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்தேன்."