லைனில் கோளாறு

"ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ண முடியல. இதெல்லாம் ஒரு லைனா?" போனில் நெட் கம்பெனிக்காரரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான் கணவன்.

மனைவி அவனுடைய லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். லினக்ஸ் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுக்கும் பிழைப்பு.

"அவரை ஏன் திட்டுறீங்க? இதே லைன்ல என்னோட லேப்டாப்ல எல்லாம் இறங்குது. உங்களுது மட்டும் உங்க ஆபீஸ் சர்வர் வழியா போகுது. நீங்கதான அப்படி செட் பண்ணீங்க?"

"ஆபீஸ் வேலைக்கு அப்படித்தான் வேணும். அதுல என்ன தப்பு?"

"அந்த சர்வர்தான் உள்ள விட மாட்டேங்குது. உங்க அக்கவுண்ட்டைப் போன மாசமே மூடியாச்சுன்னு சொல்லுது."

அவன் போனை வைத்தான்.

கழுவிக் கவிழ்த்திருந்த டிபன் பாக்ஸை அவள் பார்த்தாள்.

"அப்போ தினமும் காலையில நான் கட்டிக் குடுக்குறதை எடுத்துக்கிட்டு எங்க போறீங்க?"