சாகாத செல்

ராமநாதபுரத்து ஆஸ்பத்திரி ஜன்னலின் காலை வெயில், மெட்ராஸிலிருந்து வந்த ரத்தப் பரிசோதனைத் தாளின்மேல் விழுகிறது. மலையாண்டி அதைத் தொடாமல் பார்க்கிறான். அவன் தோளில் சாய்ந்திருக்கும் மகள் முனீஸ்வரியின் கழுத்தில், இருபுறமும் நெல்லிக்காய் அளவுக் கட்டிகள். “கேன்சர் இல்ல,” என்கிறார் டாக்டரம்மா. “கிருமியோட சண்டை போடப் பெருகுற செல்லு, வேலை முடிஞ்சதும் தானாச் செத்துரணும். இவளுக்குச் சாகாம சேந்துக்கிட்டே போகுது. சாகச் சொல்ற ஜீன்ல பிழை.” “செல்லா? கதவு நிலைய அரிக்குமே, அதுவா தாயி?” என்கிறான் மலையாண்டி. முனீஸ்வரி சிரிக்கிறாள். “போங்கய்யா, அது கரையான். இது ஒடம்புல உள்ள செல்லு.” டாக்டரம்மாவும் சிரித்துவிட்டுக் கேட்கிறார்: “இது பெத்தவங்க வழியா வரும். உங்க ரெண்டு பேருல யாருக்காச்சும் சின்னதுல இப்படி வீங்குச்சா?” மின்விசிறி கிறீச்சிடுகிறது. வெளியே தொண்டி பஸ் ஹாரன் அடித்து ஓய்கிறது. நாலு வருடமாக ‘ஒங்க வம்சத்துச் சீக்கு’ என்று அவன் ஏசிவந்த மனைவி சோணையம்மாள் சுவரோரம் நிற்கிறாள். மலையாண்டி கழுத்துத் துண்டை மெல்ல எடுக்கிறான். தாடைக்குக் கீழே, சிறுவயதுக் கட்டிகளுக்குச் சூடு போட்ட இரண்டு வட்டத் தழும்புகள். முனீஸ்வரி ஒன்றின்மேல் விரல் வைத்துப் பார்க்கிறாள். அவன் கையிலிருந்து சோணையம்மாள் துண்டை வாங்கிக்கொள்கிறாள்.